சீனி வருத்தம் இருந்த தாயும் பச்சைப் பிள்ளையின் பாலும்



இந்த இதழின் தாய்-சேய் பக்கத்துக்கு வயிற்றோட்டத்தைப் பற்றி ஒரு பாடம் எழுதி வைத்திருந்தோம். அதற்குள் லயத்து வீடு ஒன்றில் நாங்கள் கண்ட ஒரு காரியம் அந்தப் பாடத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. வயிற்றோட்டம் அடுத்த இதழில் வரும்.

அந்த வீட்டுத் தங்கச்சிக்கு அது முதல் பிள்ளை. ஏழாம் மாதத்தில் கிளினிக்கில் குளுக்கோசுத் தண்ணி குடிக்கக் கொடுத்து இரத்தம் எடுத்துப் பார்த்தபோது சீனி கூடியிருந்தது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினாள், மாத்திரையும் ஒழுங்காகப் போட்டாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. 3 கிலோ 900 கிராம். எடை குறைந்த பிள்ளைகளையே பார்த்துப் பழகிய லயத்தில் இது பெரிய சந்தோசம். பார்க்க வந்தவர்களெல்லாம் "ராசா மாதிரி இருக்கான்" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள்.

ஐந்தாம் நாள் மருத்துவமாது வீடு பார்க்கப் போனபோது நாங்களும் கூடப் போயிருந்தோம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. "ரொம்ப நல்ல பிள்ளை மிஸ்ஸி, அழவே மாட்டான்" என்றார் பாட்டி. மிஸ்ஸி பிள்ளையின் காலைத் தொட்டார். சில்லென்று இருந்தது. சட்டையை விலக்கிப் பார்த்தால் வயிறு வரைக்கும் மஞ்சள். பாதத்தைச் சுண்டினால் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடியும் தூக்கம். கடைசியாகப் பால் குடித்தது எப்போது என்று கேட்டதும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தாய்தான் மெதுவாகச் சொன்னாள். "எனக்குச் சீனி இருந்துச்சே மிஸ்ஸி, என் பால்ல அது பிள்ளைக்குப் போயிருமின்னாங்க. பாலும் சரியா ஊறல. அதான் மாமி கற்கண்டுத் தண்ணியில துணிய நனைச்சு வச்சாங்க."

மாமியாரைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. அந்த அம்மா தன் மருமகளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, இரவெல்லாம் கண் விழித்துப் பேரனைப் பார்த்தவர். பேரனுக்குச் சீனி வருத்தம் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் அப்படிச் செய்தார். சீனிக்குப் பயந்த வீட்டில் பிள்ளைக்குச் சீனித் தண்ணி கொடுத்ததுதான் இதில் வேடிக்கை. அன்றைக்குச் சிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மிஸ்ஸி அங்கேயே பிள்ளையின் சட்டையைக் கழற்றி, தாயின் வெறும் நெஞ்சில் போட்டு, மேலே கம்பளியால் மூடினார். கையால் பாலைப் பீய்ச்சி, கரண்டியில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் செய்தார். பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இரண்டு நாள் நீல வெளிச்சத்தின் கீழ் வைத்தார்கள். பிள்ளை இப்போது சுகம். ஆனால் இன்னும் ஒரு நாள் பிந்திப் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைக்க எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே இந்தப் பாடம்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

கர்ப்ப காலத்தில் வருகிற சீனி வருத்தத்தைக் கர்ப்பகால நீரிழிவு என்று கிளினிக்கில் சொல்வார்கள். நாம் சாப்பிடுகிற சோறும் ரொட்டியும் சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடம்பு பயன்படுத்திக்கொள்ள இன்சுலின் என்ற சுரப்பு வேண்டும். அது கணையத்தில் ஊறுகிறது. கர்ப்பம் முற்ற முற்ற, நச்சுக்கொடியிலிருந்து வருகிற சில சுரப்புகள் இந்த இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. பெரும்பாலான தாய்மாருக்குக் கணையம் கூடுதலாக உழைத்துச் சமாளித்துவிடும். சிலருக்கு முடியாமல் போகும். அவர்களுக்குத்தான் சீனி ஏறுகிறது. இது தாய் செய்த குற்றம் அல்ல. "நீ தேத்தண்ணிக்குச் சீனி அள்ளிப் போட்டதாலதான்" என்று மருமகளைத் திட்டுகிற வீடுகள் உண்டு. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

இனி, கவனமாகப் படிக்க வேண்டிய இடம். தாயின் இரத்தத்திலுள்ள சீனி நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வருகிற சீனியைச் சமாளிக்கப் பிள்ளையின் சின்னக் கணையமே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கப் பழகிக்கொள்கிறது. அந்தச் சீனியும் இன்சுலினும் சேர்ந்துதான் பிள்ளையைக் கொழுக்க வைக்கிறது. பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்டுகிறார்கள். அந்த நிமிசத்தோடு சீனி வரத்து நின்றுபோகும். ஆனால் பிள்ளையின் உடம்பில் இன்சுலின் அப்படியே இருக்கிறது. அது இருக்கிற கொஞ்சச் சீனியையும் இழுத்துக்கொள்ளும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிள்ளையின் இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்குவது இதனால்தான்.

அதாவது, தாய்க்குக் கூடின சீனியினால் பிள்ளைக்கு வருகிற கஷ்டம் சீனி குறைவது. கூடுவது அல்ல. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பாதிப் பயம் இதை அறியாததால் வருவது.

இப்படி இறங்குவது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் அதிகம் இறங்கி, கவனிக்காமல் விட்டால் பிள்ளைக்கு வலிப்பு வரலாம், மூளைக்குக் கெடுதி உண்டாகலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் பிள்ளையின் குதிக்காலில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு தடவை அல்ல, முதல் நாள் முழுவதும் பல தடவை. "பச்சப் பிள்ளையப் போட்டு ஏன் இப்படிக் குத்துறாங்க" என்று தாய்மார் அழுவார்கள். குத்தட்டும். பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு வைத்து, பால் குடிக்கும்போதே குத்தச் சொல்லிக் கேளுங்கள். அப்போது வலி குறைவாகத் தெரியும்.

முதல் மணி நேரம்

இறங்குகிற சீனியைப் பிடித்து நிறுத்துகிற முதல் மருந்து தாயின் நெஞ்சில்தான் இருக்கிறது. பிறந்த அரை மணி நேரத்துக்குள், பிந்தினாலும் ஒரு மணி நேரத்துக்குள், பிள்ளை பால் குடிக்க வேண்டும். பிள்ளையைத் துடைத்து, துணி சுற்றாமல், தாயின் வெறும் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டு, இருவரையும் சேர்த்து மூட வேண்டும். பிள்ளையின் தலைக்குத் தொப்பி போட வேண்டும். பிள்ளை முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு நன்றாகத் தெரிய வேண்டும்.

இந்தச் சூடு வெறும் பாசத்துக்காக மட்டும் அல்ல. குளிரில் கிடக்கிற பிள்ளை தன் உடம்பைச் சூடாக்கவே இருக்கிற சீனியை எரித்துத் தீர்த்துவிடும். நுவரெலியா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து மார்கழிக் குளிரைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் இது பொருந்தும். முதல் நாட்களில் பிள்ளையைக் குளிப்பாட்ட அவசரப்பட வேண்டாம். ஈரத் துணியை உடனே மாற்றுங்கள். அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டுவதைவிடத் தாயின் நெஞ்சுச் சூடு எவ்வளவோ நல்லது. தாய்க்கு அலுப்பாக இருந்தால் தகப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

முதலில் வருகிற மஞ்சள் நிறக் கெட்டிப்பால்தான் கடும்புப் பால். சீம்பால் என்றும் சொல்வோம். "அது அழுக்குப் பால், பீய்ச்சி ஊத்திரு" என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊற்றாதீர்கள். நோயைத் தடுக்கிற சத்து அதில்தான் நிறைய இருக்கிறது. பிள்ளையின் குடலை இளக்கி, கறுப்பு மலத்தைக் கழிக்க வைப்பதும் அதுதான். அளவு கொஞ்சமாகத்தான் வரும். ஒரு நேரத்துக்கு ஒரு தேக்கரண்டி வரலாம். முதல் நாள் பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான் கொள்ளும். "ஒண்ணுமே வரலியே" என்று தாய் கலங்கும்போது, உண்மையில் பிள்ளைக்கு வேண்டியது வந்துகொண்டிருக்கும்.

சீனி வருத்தம் இருந்த தாயின் பிள்ளை அழுது கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. முதல் நாட்களில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும், எழுப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை. தூங்குகிற பிள்ளையை எழுப்புவது பாவம் என்று சொல்வார்கள். துணியை விலக்குங்கள், பாதத்தைத் தேயுங்கள், முதுகைத் தடவுங்கள். எழும்பும். எழும்பாவிட்டால் அது தூக்கம் அல்ல, மிஸ்ஸியை அழைக்க வேண்டிய அறிகுறி.

பிள்ளை வாயை அகலத் திறந்து, காம்பை மட்டும் அல்ல, அதைச் சுற்றியுள்ள கறுத்த பகுதியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சிசேரியன் செய்த தாய்மார், பிள்ளையின் உடம்பைத் தங்கள் கக்கத்துப் பக்கமாகக் கொண்டுபோய், கால் பின்பக்கம் போகும்படி வைத்துப் பிடித்தால் வயிற்றுத் தையலில் பாரம் விழாது. பிள்ளை பெரிதாக இருந்தாலும் இந்தப் பிடி வசதி.

பிள்ளை சப்பாவிட்டால் கையால் பீய்ச்சிக் கொடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். கொழுந்து கிள்ளுகிற மாதிரி இழுக்கக் கூடாது. காம்பு புண்ணாகும். வருகிற துளிகளைச் சுட வைத்துக் கழுவிய கரண்டியிலோ சின்னக் கோப்பையிலோ பிடித்து, பிள்ளையின் கீழ் உதட்டில் வைத்தால் அது நக்கிக் குடிக்கும். போத்தலும் சூப்பியும் வேண்டாம்.

இப்படிப் பீய்ச்சுவதைக் கர்ப்ப காலத்திலேயே பழகிக்கொள்ளலாமா என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆஸ்திரேலியாவில் சீனி வருத்தம் உள்ள 635 கர்ப்பிணித் தாய்மாரை வைத்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2017 இல் வெளிவந்தது. வேறு சிக்கல் எதுவும் இல்லாத தாய்மார் 36 வாரம் ஆனபின் நாளைக்கு இரு தடவை கொஞ்ச நேரம் கையால் பீய்ச்சியதில் பிள்ளைக்குக் கெடுதி ஒன்றும் வரவில்லை என்று அது காட்டியது. ஆனால் இரத்தப்போக்கு, இரட்டைப் பிள்ளை, முன்பு குறைமாதப் பிரசவம் போன்ற சிக்கல் உள்ளவர்கள் செய்யக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் யாருமே செய்ய வேண்டாம். அந்த நாட்டில் பாலைக் குளிர்ப்பெட்டியில் உறைய வைத்துக் கொண்டுபோகிறார்கள். நம் வீடுகள் பலவற்றில் அதற்கு வசதி இல்லை. சேர்த்து வைப்பதைவிடக் கையைப் பழக்கிக்கொள்வதே நமக்குப் பெரிய இலாபம் என்பது எங்கள் எண்ணம்.

சேனையும் கற்கண்டுத் தண்ணியும்

பிறந்த பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் சேனை தொட்டு வைக்கிற வழக்கம் நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருவது. பிள்ளை அவரைப் போல நல்ல குணத்தோடு வளரும் என்ற ஆசை. ஆசையில் தப்பு இல்லை. பிள்ளையின் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்கள், காப்புப் போடுங்கள், பேரைக் காதில் சொல்லுங்கள். வாயில் மட்டும் எதையும் வைக்காதீர்கள்.

"சீனி இறங்குதுன்னா சீனித்தண்ணி குடுத்தா ஏறிருமே?" இது நியாயமான கேள்விதான். ஏறும். ஆனால் நிற்காது. சீனித்தண்ணி சட்டென்று ஏற்றிவிட, பிள்ளையின் கணையம் அதைக் கண்டு மறுபடி இன்சுலினை விட, சீனி திரும்பவும் இறங்கிவிடும். பாலில் சீனிச்சத்தோடு கொழுப்பும் புரதமும் இருப்பதால் அது நின்று வேலை செய்யும். அதோடு தண்ணியால் நிறைந்த வயிறு பால் கேட்காது. பிள்ளை சப்பாவிட்டால் தாய்க்கு ஊறாது. தண்ணியும் துணித்திரியும் சுத்தமில்லாவிட்டால் வயிற்றோட்டம் வேறு. தேனும் வேண்டாம். ஒரு வயது ஆகும் வரை தேன் கொடுக்கவே கூடாது, சில வேளை அதிலுள்ள கிருமி பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

ஆஸ்பத்திரியில் சிலசமயம் பிள்ளையின் கன்னத்துக்குள் குளுக்கோசுக் களியைத் தடவுவார்கள். நரம்பில் குளுக்கோசு ஏற்றுவதும் உண்டு. அது அளந்து, இரத்தம் பார்த்துச் செய்கிற வைத்தியம். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் சீனி கரைக்க வேண்டாம்.

பால் பிந்தினால்

சாதாரணமாக இரண்டாம், மூன்றாம் நாளில் மார்பு கனத்துப் பால் இறங்கும். சீனி வருத்தம் இருந்த தாய்க்கு இது நாலாம், ஐந்தாம் நாள் வரை பிந்தலாம். சிசேரியனும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் பிந்தலாம். பால் ஊறவும் இன்சுலின் உதவி வேண்டும், அது சரியாக வேலை செய்யாததுதான் காரணம். நாங்கள் பார்த்த தங்கச்சிக்கு நடந்ததும் இதுதான். ஆஸ்பத்திரியில் முதல் நாள் கண்டத்தைப் பிள்ளை நன்றாகத் தாண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பால் போதாமல் சோர்ந்தது. சோர்ந்த பிள்ளை சப்பவில்லை. சப்பாததால் பால் ஊறவில்லை. மலம் சரியாகக் கழியாததால் மஞ்சளும் ஏறியது. சீனி வருத்தம் உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வருவது மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

பிந்துவது வேறு, வராமலே போவது வேறு. "எனக்குப் பால் இல்லை" என்று மூன்றாம் நாளே முடிவு கட்டாதீர்கள். பிள்ளையை அடிக்கடி போடுங்கள், போட்ட பிறகு பீய்ச்சுங்கள், இரவில் ஒரு தடவையாவது பீய்ச்சுங்கள். இரவுச் சப்புதல் பால் ஊற நல்ல துணை.

போதுமா போதாதா என்று துணியைப் பார்த்தே சொல்லலாம். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை என்று மூத்திரம் கூடிக்கொண்டு போகும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளைக்கு ஆறு தடவையாவது துணி நனைய வேண்டும். கறுப்பு மலம் நாலைந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். முதல் நாட்களில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு கிழமைக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும்.

சில பிள்ளைகளுக்குப் பால் இறங்கும் வரை டாக்டர் பால்மா கொடுக்கச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் கொடுங்கள். அது தோல்வி அல்ல, சில நாள் கைத்தடி மாதிரி. கோப்பையில் கொடுங்கள், எப்போது நிறுத்துவது என்றும் கேட்டு வையுங்கள். கடையில் நீங்களாகவே டின் வாங்கித் தொடங்குவதுதான் தப்பு. ஒரு தரம் தொடங்கினால் சம்பளத்தில் பெரும் பங்கை அது விழுங்கும். பிறகு தண்ணியைக் கூட்டி மாவைக் குறைத்துக் கரைப்பார்கள். இதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: பிள்ளையின் கைகால் அழாத நேரத்திலும் நடுங்குவது, எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடப்பது, பால் குடிக்க மறுப்பது, அழுகை மெலிந்து போவது, உடம்பு சில்லிடுவது, உதடு நீலமாவது, மூச்சு வேகமாக வாங்குவது, வலிப்பு. முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலும், பிறகு கை கால் பாதம் வரை மஞ்சள் இறங்கினாலும் அப்படியே. கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று நினைக்காதீர்கள், சீனி இறங்குவது இந்தப் பெரிய பிள்ளைகளுக்குத்தான் அதிகம். தோட்டத்து வாகனம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். போகிற வழியெல்லாம் பிள்ளை தாயின் நெஞ்சோடு, சட்டைக்குள் இருக்கட்டும். விழித்திருந்தால் பால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

மாத்திரையும் ஊசியும்

பிள்ளையும் நச்சுக்கொடியும் வெளியே வந்ததும் பெரும்பாலான தாய்மாருக்குச் சீனி தானாக இறங்கிவிடும். மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். சிலருக்குத் தொடர வேண்டியிருக்கும். இன்சுலின் ஊசி போடுகிற தாய் பால் கொடுக்கலாம். மெட்போமின் மாத்திரை மிகக் கொஞ்சமாகவே பாலில் போகும், அதனால் பிள்ளைக்குக் கெடுதி கண்டதில்லை. வேறு மாத்திரை என்றால் பால் கொடுப்பதைச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள். பிள்ளைக்குப் பயந்து மருந்தையோ மருந்துக்குப் பயந்து பாலையோ நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தாயின் பால் இனிப்பாகத்தான் இருக்கும், எல்லாத் தாயின் பாலும் அப்படித்தான். அதிலிருந்து பிள்ளைக்குச் சீனி வருத்தம் தொற்றாது.

பால் சுரக்கத் தாயின் உடம்பிலுள்ள சீனி செலவாகிறது. அதனால் இன்சுலின் போடுகிற தாய்க்குப் பால் கொடுக்கும்போது திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டலாம். பால் கொடுக்க உட்காருமுன் ஏதாவது சாப்பிடுங்கள். அப்படி மயக்கம் வந்தால் அந்த நேரத்தில் சீனி போட்ட தண்ணி குடிக்கலாம். தாய்தான் குடிக்க வேண்டும், பிள்ளை அல்ல.

சாப்பாட்டில் பெரியவர்களோடு ஒரு சமாதானம் பேச வேண்டியிருக்கிறது. பச்சை உடம்புக்காரிக்குக் காயச் சரக்கு இடித்துக் கொடுப்பது நம் வழக்கம். மிளகும் சுக்கும் பூண்டும் இருக்கட்டும், அதில் சேர்க்கிற கருப்பட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்தியம் என்று சொல்லி முட்டை, மீன், கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரொட்டியையும் சீனி போட்ட தேத்தண்ணியையும் மட்டும் கொடுப்பது தாய்க்கு இரண்டு பக்கத்தாலும் நட்டம். மூன்று ரொட்டிக்கு ஒன்றரை ரொட்டி, கூடவே கெட்டியாகப் பருப்பு, ஒரு பிடி வல்லாரையோ பொன்னாங்காணியோ, கையில் இருந்தால் நெத்தலி அல்லது முட்டை. திரிபோஷா கிடைக்கும்போது சீனிக்குப் பதில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசையுங்கள். அது தாய்க்குக் கொடுத்தது. தாய்தான் சாப்பிட வேண்டும்.

வேலைக்குத் திரும்பும்போது

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணிகூட வேண்டாம். பிறகு கூடச் சாப்பாடு சேர்த்து இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம். இதைச் சொன்னால் தாய்மார் சிரிப்பார்கள். "மலைக்குப் போனா யாரு குடுக்கிறது?"

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1939 ஆம் ஆண்டின் பிரசவ நன்மைச் சட்டத்தின்படி பிரசவ லீவு 12 வாரம். முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து அது பாதியாகக் குறைந்தது, 2018 இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளைக்கும் ஒரே அளவுதான். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு முறை பால் கொடுக்க நேரம் தர வேண்டும். பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். சாப்பாட்டு நேரத்தில் இதைக் கழிக்கக் கூடாது. கங்காணிமார் இதைப் படிக்கிறீர்கள் என்று நம்புகிறோம்.

தூரத்து மலைக்குப் போகிற நாளில் காலையில் பீய்ச்சி, சுட வைத்த மூடியுள்ள பாத்திரத்தில் பிள்ளைக்காம்பராவில் கொடுத்துவிடலாம். குளிர்ப்பெட்டி இல்லாமலே நாலு மணி நேரம் வரை கெடாது, வெயில் படாமல் வையுங்கள். ஆயம்மா கோப்பையில் கொடுப்பார்.

தாய்க்கு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது

பிள்ளை பிறந்து ஆறாவது கிழமையில் தாய்க்கு மறுபடியும் குளுக்கோசுத் தண்ணி கொடுத்து இரத்தம் பார்க்க வேண்டும். பலர் இதற்கு வருவதில்லை. பிள்ளைக்கு ஊசி போட மழையிலும் வருவார்கள், தங்களுக்கு என்றால் வேலை இருக்கிறது. கர்ப்பத்தில் சீனி கண்ட தாய்க்குப் பின்னாளில் நிரந்தரச் சீனி வருத்தம் வருகிற வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பால் கொடுப்பது இதையும் குறைக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரைத் தொடர்ந்து கவனித்து 2015 இல் வெளியிட்டார்கள். தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்களுக்கு, இரண்டு வருடத்துக்குள் சீனி வருத்தம் வந்தது பால்மா மட்டும் கொடுத்தவர்களில் பாதியளவுதான். பால் கொடுத்தால் போதும், சோதனை வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆறாம் கிழமைச் சோதனை சரியாக இருந்தாலும் வருசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பிள்ளை உண்டானால் முதல் கிளினிக்கிலேயே "எனக்குப் போன தடவை சீனி இருந்துச்சு" என்று சொல்லிவிடுங்கள், ஏழாம் மாதம் வரை காத்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் சொன்ன தங்கச்சி இப்போது பால் மட்டும்தான் கொடுக்கிறாள். பிள்ளை போன கிழமை 4 கிலோ 600. அவளுடைய சோதனைத் தேதியை மிஸ்ஸி அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து அந்த மாமியார் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற கலண்டரில் அந்த நாளைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். "அன்னைக்கு நானே பிள்ளையத் தூக்கிட்டு வர்றேன், அவ வெறும் வயித்தோட வரணுமில்ல" என்றார்.